பிள்ளைகளோடு காரில் நெல்லைக்கு: சென்னையிலிருந்து முதல் தடவை கிளம்புகிறவர்களுக்கு

தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ரோடு முழுக்க நான்குவழிச்சாலை. தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்கள் ஒன்பது, பத்து மணி நேரத்தில் போய் இறங்கிவிடுவார்கள். அந்தக் கணக்கை நம்பிப் பிள்ளைகளோடு கிளம்புகிறவர்கள்தான் மேலூர் தாண்டியதும் திண்டாடுகிறார்கள். பிள்ளைகள் இருக்கும் வண்டிக்கு 13 மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே நிற்பது என்பதை முதலில் முடிவுசெய்து, நடுவில் ஓட்டும் நேரத்தைப் பிறகு நிரப்புங்கள். கீழே வரும் யோசனைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரே நாளா, இரண்டு நாளா

மூன்று வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்து, ஓட்டுகிறவரும் ஒருவர்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், திருச்சியில் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். பாதி வழி அதுதான். மறுநாள் மிச்சம் 300 கிலோமீட்டர் கூட இல்லை. காலையில் பிள்ளை நிதானமாகச் சாப்பிட்டுக் கிளம்பினாலும் மதியச் சாப்பாட்டுக்கு ஆச்சி வீட்டில் இருக்கலாம். மதுரையில் தங்கலாம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் முதல் நாளே 450 கிலோமீட்டர் ஓடிவிட்டுத் தங்குவதில் பெரிய லாபம் இல்லை. களைப்பெல்லாம் முதல் நாளில்தானே வருகிறது?

இரண்டு பேர் மாற்றி ஓட்டமுடியும், பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும் வயது என்றால் ஒரே நாளில் போகலாம்.

"ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிடும், காலையில ஊர்ல இருக்கலாம்" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. கேட்காதீர்கள். விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தூக்கத்துக்குத்தான் இழுக்கும், காபி அதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் ரோட்டோரம் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரிதான் பெரிய ஆபத்து. தூங்குகிற பிள்ளை பெல்ட்டிலிருந்து சரிந்து கிடப்பதையும் இருட்டில் யாரும் கவனிப்பதில்லை. ராத்திரி முழுக்க ஓட்டியவர் மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடப்பார் என்பது தனிக் கணக்கு.

ஒரு வாரம் முன்பு: வண்டி

சர்வீஸ் விடுவதாக இருந்தால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே விட்டு, பிறகு இரண்டு மூன்று நாள் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். முந்தின நாள் சர்வீஸ் எடுத்து, சரியாக முறுக்காத ஒரு நட்டோடு பைபாஸில் ஏறுவது வேண்டாத வேலை.

டயரில்தான் அதிகக் கவனம் வேண்டும். பட்டன் (ரோட்டில் பதியும் ரப்பர் மேடு) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றியே ஆகவேண்டும். பட்டன் நன்றாக இருந்தாலும் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஆறு வயது தாண்டிய டயரை ஏப்ரல், மே வெயிலில் முழுப் பாரத்தோடு 600 கிலோமீட்டர் ஓட்டுவது சரியில்லை. காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கும். இரண்டு அளவு போட்டிருந்தால் முழுப் பாரத்துக்கு உள்ளதை வையுங்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பெட்ரோல் பங்க்கில், டயர் சூடாகும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் மூன்று நான்கு பாயிண்ட் கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், ஆறியபின் காற்று குறைவாக நிற்கும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடும் டயர் நெளிந்து நெளிந்து சூடாகித்தான் வெடிக்கிறது. ஸ்டெப்னியிலும் காற்றுப் பாருங்கள், அதில் காற்றடித்து வருடக்கணக்கு ஆகியிருக்கும்.

கூலன்ட் அளவை இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். வைப்பர் ரப்பர், கண்ணாடி கழுவும் தண்ணீர், நான்கு இண்டிகேட்டர், பிரேக் லைட், ஏசி ஆகியவற்றைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நான்கையும் டிஜிலாக்கரில் ஏற்றிவையுங்கள்.

ஃபாஸ்டாக்கில் போகும் வழிக்கு மட்டும் 1,000 ரூபாயாவது இருக்கட்டும். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று வரிசையாக டோல்கேட் வரும். டாக்கில் பணம் இல்லாமல் ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு. அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த வருடாந்திரப் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் 200 டோல்கேட் தாண்டலாம், அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை.

பிள்ளைகள் உட்காரும் இடம்

மடியில் வைத்துக்கொண்டு போகும் வழக்கத்தைச் சென்னையிலேயே விட்டுவிட வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ எடையுள்ள பிள்ளை சுமார் 140 கிலோ பாரமாக முன்னால் இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. மடியில் பிள்ளையை வைத்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெல்ட் போடுவது இன்னும் மோசம், அம்மாவின் பாரம் முழுக்கப் பிள்ளை மேல் இறங்கும். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம்.

15 மாதம் வரைக்குமாவது பிள்ளை பின்பக்கம் பார்த்த இருக்கையில் இருக்கவேண்டும். கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலமில்லை. மோதும்போது முதுகு முழுக்க இருக்கையில் பதிந்தால்தான் கழுத்து தப்பும். இந்த இருக்கையை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் ஒருநாளும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் நேராகப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் போய் அடிக்கும். அதற்கு மேல் நான்கு வயது வரை முன்பக்கம் பார்த்து, இருக்கையோடு வரும் ஐந்து வார் பட்டையில். பிறகு உயரம் 135-லிருந்து 150 சென்டிமீட்டர் ஆகும்வரை பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை). பூஸ்டர் இல்லாமல் பெரியவர் பெல்ட் போதுமா என்பதற்கு வயதைப் பார்க்காதீர்கள். முதுகு சாய்ந்திருக்க முழங்கால் சீட் விளிம்பில் மடிகிறதா, கீழ்ப் பெல்ட் இடுப்பெலும்பில் உட்காருகிறதா, மேல் பெல்ட் தோளின் நடுவில் போகிறதா என்று பாருங்கள். கழுத்தை உரசினாலோ வயிற்றில் ஏறினாலோ பூஸ்டர் வேண்டும்.

மாட்டிய பிறகு சோதிக்கும் முறை:

1. இருக்கையை, பெல்ட் போகும் இடத்தில் பிடித்து உலுக்குங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் மறுபடி மாட்டவேண்டும். உங்கள் முழங்காலை இருக்கைக்குள் ஊன்றி அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுத்தால் இறுகும்.
2. பிள்ளையை உட்காரவைத்துப் பட்டையைப் போட்டு, தோள் அருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் தளர்ச்சி என்று அர்த்தம்.
3. வாந்திக்குப் பயந்து இருக்கைக்கு அடியில் ரப்பர் ஷீட் விரிக்காதீர்கள், வழுக்கும். மெல்லிய துண்டு போதும்.
4. பின் கதவுகளின் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தட்டிச் சைல்டு லாக் போடுங்கள். கண்ணாடி லாக் பட்டனையும் போடுங்கள்.

புது இருக்கை வாங்கினால் கிளம்பும் நாளன்று முதல் தடவையாக உட்காரவைக்கக் கூடாது. இரண்டு வாரம் முன்பே மாட்டி, கடைக்குப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் பழக்குங்கள். பழகாத பிள்ளை செங்கல்பட்டு வரும் முன்பே கத்தித் தீர்த்துவிடும். "பாவம், கொஞ்ச நேரம் எறக்கி விடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இறக்கத்தான் வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டு இறக்குங்கள்.

எந்தப் பக்கம் வெயில் என்பதும் முக்கியம். தெற்கே போகிறோம், அதனால் காலையில் இடப்பக்கம் வெயில், மத்தியானத்துக்கு மேல் வலப்பக்கம். காலையில் தூங்கும் சின்னதை வலப்பக்கம் வைத்தால் மதியம் வரை நிழல். மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது பெரிய பிள்ளையோடு இடம் மாற்றிக்கொள்ளலாம்.

வாந்தி

பெற்றோருக்குப் பெரிய பயம் இதுதான். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் இது அதிகம். கண் வண்டிக்குள் அசையாத சீட்டைப் பார்க்கிறது, உள்காது வண்டி ஆடுவதைச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டுகிறது. எனவே வைத்தியத்தில் பாதி, பிள்ளையின் கண்ணை வெளியே தூரமாகப் பார்க்கவைப்பதுதான். வாந்தி வரும் பிள்ளைக்கு நடு சீட் நல்லது, முன் கண்ணாடி வழியாக ரோடு தெரியும். மூன்று புள்ளிப் பெல்ட் அங்கே இருந்தால் மட்டும் வையுங்கள். செல்போன், படப் புத்தகம், கலரடிக்கும் நோட்டு எல்லாம் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. கதை, பாட்டு, காதால் கேட்கிற எதுவும் ஆகும்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். காலை நாலரைக்கு எழுப்பி ஒரு டம்ளர் பாலைக் கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏற்றினால் மேல்மருவத்தூருக்குள் அது வெளியே வந்துவிடும். கிளம்பும்போது ஒரு ரஸ்க்கோ, ஒரு சின்ன வாழைப்பழமோ போதும். வெறும் வயிறும் குமட்டும், அதனால் சுத்தமாகப் பட்டினி போடாதீர்கள். பூரி, வடை, நெய் ரோஸ்ட் எல்லாம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. மிளகாய்ப்பொடி லேசாகத் தடவிய இட்லி, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம் ஆகியவை வயிற்றில் நிற்கும். தயிர்ச்சாதத்தைப் பாலில் பிசைந்து, கொஞ்சமாகத் தயிர் விட்டு எடுத்துக்கொண்டால் மதியத்துக்குப் புளிக்காமல் சரியாக உறைந்திருக்கும்.

கொட்டாவி விடுவது, முகம் வெளுப்பது, அதுவரை பேசிக்கொண்டு வந்த பிள்ளை திடீரென்று சத்தமில்லாமல் போவது, எச்சில் ஊறுவது, நெற்றி வேர்ப்பது எல்லாம் வாந்தி வரப்போவதன் அடையாளம். இதில் இரண்டைப் பார்த்தாலே ஏசியைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கி வெளிக்காற்று விடுங்கள். அடுத்த பங்க்கில் நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். காரில் தொங்கும் வாசனைப் புட்டியைக் கிளம்பும் முன்பே கழற்றிவிடுங்கள், பல பிள்ளைகளுக்கு வில்லன் அதுதான். கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொல்லலாம். மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதைக் குழந்தை டாக்டரிடம் முந்தைய வாரமே கேட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் எதுவும் கூடாது. கொடுக்கச் சொன்ன மாத்திரையைக் குமட்டல் வந்தபின் கொடுத்துப் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே கொடுத்தால்தான் வேலை செய்யும்.

வாந்திப் பை என்று தனியாக ஒன்று கட்டி முன் சீட்டுக்குக் கீழே வையுங்கள், டிக்கியில் அல்ல. கனமான கவர் நான்கு (இரண்டிரண்டாக ஒன்றுக்குள் ஒன்று செருகியது), பழைய துண்டு இரண்டு, பிள்ளைக்கு ஒரு செட் துணி, அம்மாவுக்கு ஒரு மேல்துணி, ஒரு லிட்டர் தண்ணீர், ஈர டிஷ்யூ, ஒரு சின்ன டப்பாவில் ஆப்ப சோடா. சீட்டில் பட்டுவிட்டால் துடைத்துவிட்டு ஆப்ப சோடாவைத் தூவி அரை மணி நேரம் விடுங்கள், நாற்றம் இழுத்துவிடும். அந்த நாற்றம்தான் அடுத்த பிள்ளையையும் வாந்தி எடுக்கவைக்கும்.

வாந்தி எடுத்த கையோடு தம்ளர் தம்ளராகத் தண்ணீர் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்து, ஒன்றிரண்டு ஸ்பூனாக, சில நிமிடத்துக்கு ஒருமுறை. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பெரிய பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்கவேண்டும். அரைப் பாக்கெட்டைக் கைமதிப்பாக ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு கூடிப் பிள்ளைக்குக் கெடுதல். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஓடும் வண்டியில் நிலக்கடலை, கடலை மிட்டாய், முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் எதுவும் தரவேண்டாம். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போது தொண்டையில் சிக்கும். முன் சீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நிலைமை கைமீறிவிடும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயை வாங்குங்கள், வீட்டுக்குப் போய்ப் பிரியுங்கள்.

அன்றைய நாளின் ஓட்டம்

தாம்பரத்தைக் காலை நாலரைக்குத் தாண்டுவதாக வைத்து ஒரு மாதிரி நேரம்:

4.30 – தாம்பரம். பிள்ளைகளைத் தூக்கத்திலேயே, வெளியில் போகும் துணியோடு, இருக்கையில் உட்காரவைத்துப் பட்டை போட்டுவிடுங்கள்.
6.00 – திண்டிவனம் பக்கம். பங்க்கில் ஒன்றுக்குப் போக, டீ. 15 நிமிடம்.
7.15 – உளுந்தூர்ப்பேட்டை. காலைச் சாப்பாடு. 45 நிமிடம்.
9.15 – பெரம்பலூர். 20 நிமிடம்.
10.50 – திருச்சி தாண்டி விராலிமலை. 20 நிமிடம். மயில் தென்பட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.
12.20 – மேலூர். மதியச் சாப்பாடு, பிள்ளைகள் ஓட ஒரு மணி நேரத்துக்கு மேல்.
3.20 – சாத்தூர். டீ, 20 நிமிடம்.
5.00 – திருநெல்வேலி.

ஒரு மணி நேரம் பிந்தினாலும் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடலாம். பிந்தியதை வேகத்தில் பிடிக்க நினைக்காதீர்கள். 90-க்குப் பதில் 110-இல் போனால் 100 கிலோமீட்டருக்கு மிச்சமாவது சுமார் 12 நிமிடம், பிள்ளை ஒருமுறை ஒன்றுக்குப் போய்வரும் நேரம்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரைதான் கெட்ட நேரம். சாப்பிட்ட களைப்பு, விருதுநகர் தாண்டியதும் வரும் கரிசல் பூமி, கண்ணுக்கு எட்டியவரை நேராகக் கிடக்கும் ரோடு, பின்னால் எல்லாரும் உறக்கம். ஓட்டுகிறவர் மாறுவதாக இருந்தால் மேலூரில் மாறுங்கள். ஏசியை உள்காற்றிலேயே மணிக்கணக்கில் ஓடவிட்டால் வண்டிக்குள் கரியமில வாயு கூடித் தூக்கம் வரும். அரை மணிக்கு ஒருமுறை வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுங்கள். கண் சொருகினால் ஒரு பங்க்கில் ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்குவதில் எந்த வெட்கமும் இல்லை.

நிற்பது எப்போதும் பங்க்கிலோ ஓட்டல் வளாகத்திலோ இருக்கட்டும். ரோட்டோரம் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திப் பிள்ளையை ஒன்றுக்கு விடுவது சாதாரணமாகத் தெரியும். ஆனால் கண் அயர்ந்த லாரி வருவது அந்தக் கோட்டை ஒட்டித்தான். நிறுத்தியே தீரவேண்டும் என்றால் பார்க்கிங் லைட்டைப் போட்டு, எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக மட்டும் இறங்கி, ரோட்டைவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பையன்களுக்கு அகலவாய்ப் பாட்டில், சின்னப் பெண்பிள்ளைகளுக்கு வீட்டிலிருக்கும் சின்னக் கழிப்பிருக்கை (பாட்டி சீட்) கைகொடுக்கும். டயப்பர் மூன்று நான்கு மணிக்கு ஒன்று. ஏசி குளிரில் ஈரம் தெரியாது, தொடை வெந்த பிறகுதான் தெரியும்.

பிள்ளை தூங்குகிறதே என்று வண்டிக்குள் விட்டுப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், ஐந்து நிமிடத்துக்கும் வேண்டாம். நம் வெயிலில் மூடிய காருக்குள் சூடு ஏறுவதற்கு அதுவே போதும்.

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ், 112 பொது உதவி. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033.

மதுரையிலேயே தீர்மானிக்க வேண்டியது

"திருநெல்வேலிப் பக்கம்" என்றால் எல்லாரும் நெல்லை டவுனுக்குள் வந்து போகவேண்டும் என்று இல்லை. மேப் எதைக் காட்டினாலும் இதை மனதில் வையுங்கள்.

புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, குற்றாலம் போகிறவர்கள் திருமங்கலத்தில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகலாம். தூரம் குறையும், ஆனால் ஊர் ஊராக நுழைந்து போகும் ரோடு, வளைந்து முந்தும் பஸ்கள் வேறு. வாந்தி வரும் பிள்ளை இருந்தால் நான்குவழிச்சாலையில் நெல்லைக்கு வந்து ஆலங்குளம் வழியாகப் போவது சுற்றுதான் என்றாலும் வயிற்றுக்கு நிம்மதி. திருச்செந்தூர், காயல்பட்டினம் பக்கத்துக்காரர்கள் மதுரை ரிங் ரோட்டிலிருந்தே அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு இறங்கிவிடலாம். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடிக்காரர்கள் ஊருக்குள் நுழையாமல் கேடிசி நகர் வழியாக அப்படியே தெற்கே போகவேண்டும். அம்பை (அம்பாசமுத்திரம்), கல்லிடைக்குறிச்சி, பாபநாசம் போகிறவர்களுக்கு மட்டும் நெல்லை வழியாகப் போவதுதான் நேர்.

கோவில்பட்டி தாண்டியதும் ரோட்டின் குணம் மாறும். சென்டர் மீடியன் இடைவெளியில் டூவீலர்கள் திடீரென்று திரும்பும், எதிர்த்திசையில் ஓரமாகவே வரும் ஆட்களும் உண்டு. சாயங்காலம் ஆட்டு மந்தை ரோட்டைக் கடக்கும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாகத் தெரிய ஆரம்பிக்கும், பிள்ளைகளை எண்ணச் சொன்னால் ஊர் வரும்வரை சண்டை இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் வண்டியையே ஓரத்துக்குத் தள்ளும். மேலே கேரியரில் பெட்டி கட்டியிருந்தால் இன்னும் அதிகம். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்று, தாண்டியதும் ஒரே அடியாக அடிக்கும். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தை 70-க்குக் குறைத்துவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, ஆற்றங்கரை ஊர்களெல்லாம் துண்டிக்கப்பட்டன. தென்மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ரோட்டில் ஓடும் தண்ணீருக்குள், ஆழம் தெரியாமல், முன்னால் போன பஸ்ஸை நம்பி இறங்கக் கூடாது. பஸ் போகும் ஆழம் வேறு, கார் மிதக்கும் ஆழம் வேறு.

ஊரில் இருக்கும் நாட்கள்

போய்ச் சேர்ந்த மறுநாள் எங்கேயும் கிளம்பாதீர்கள். சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள், ஆனாலும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் தரையில் ஓட விடவேண்டும். அதன் பிறகும் ஒரு நாளுக்கு ஒரு திசைதான். திருச்செந்தூர் கிழக்கே, குற்றாலம் மேற்கே, கன்னியாகுமரி தெற்கே. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அடுக்கினால் திரும்பவும் காரில்தான் லீவு கழியும்.

திருச்செந்தூர் ரோட்டில் 12 கிலோமீட்டர் போனால் கிருஷ்ணாபுரம் கோயில். தூணோடு ஒரே கல்லில் செதுக்கிய சிலைகளைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். கூந்தன்குளத்துக்கு ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் போனால் வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். அந்த ஊரில் பறவைகளுக்காகப் பட்டாசே வெடிப்பதில்லை, நம் பிள்ளைகளும் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கத்தாமல் இருக்கவேண்டும். வெயில் தாங்காத மதியத்துக்குக் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையம் நல்ல இடம். மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் மேலே விடமாட்டார்கள். மணிமுத்தாறு செக்போஸ்ட் வரை போய்க் கெஞ்சிப் பயனில்லை, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இருக்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். குற்றாலத்தில் சாரல் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கூட்டம் நெருக்கும் பேரருவியில் சின்னப் பிள்ளைகளை நிறுத்த முடியாது, தண்ணீர் குறைவாக விழும் புலியருவி அவர்களுக்குத் தோது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மழை மலை மேல் பெய்யும், கீழே வானம் வெளுத்திருக்கும், அதுதான் ஏமாற்றும். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, போலீஸ் விசில் ஊதினாலோ சோப்பைப் போட்டது போட்டபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுங்கள். தாமிரபரணியில் குளிக்கும்போது பாறை வழுக்கும், மணல் அள்ளிய குழி மேலிருந்து தெரியாது. உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும், பிள்ளை உங்கள் கையெட்டும் தூரத்தில். திருச்செந்தூர்க் கடற்கரை, குற்றாலம் போன்ற கூட்டத்தில் நுழையும் முன் பிள்ளையின் முன்கையில் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். நடுராத்திரியில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எந்நேரமும் திறந்திருக்கும்.

திரும்பும் நாள்

ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கூடாது. லீவு முடியும் ஞாயிறு சாயங்காலம் தென்மாவட்ட வண்டி அத்தனையும் செங்கல்பட்டு வந்து சேரும். பரனூர் டோல்கேட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்துதான் போகவேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குப் பசி, தூக்கம், ஒன்றுக்கு மூன்றும் ஒன்றாக வரும், நிறுத்த இடமும் கிடைக்காது. வெள்ளி அல்லது சனி காலை நாலரைக்கு நெல்லையிலிருந்து கிளம்பினால் பகல் வெளிச்சத்தில் தாம்பரம். திரும்பும்போது வெயிலின் பக்கம் மாறும், சின்னதை முதலில் இடப்பக்கம் வையுங்கள்.

அல்வாவை முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வைத்துவிடுங்கள். விடியற்காலையில் கடை திறக்கக் காத்திருந்தால் போட்ட நேரக்கணக்கு முழுக்கத் தள்ளிப்போகும். டப்பாவைப் பின் சீட்டில் பிள்ளைகள் கையெட்டாத இடத்தில் வையுங்கள். நெய் சொட்டும் அல்வாவை வழியில் பிரித்தால், மறுபடியும் ஆப்ப சோடா டப்பாவைத் தேடவேண்டி வரும்.